ஏழுகுளம் முனையில் மூட்டம்

காத்துவாய் முனையிலிருந்து ஏழுகுளம் முனைக்கு மூன்று கிலோமீட்டர். அந்த மூன்று கிலோமீட்டரில் ராசாங்கத்துக்குக் கண் தேவைப்படுகிற இடம் நாலே நாலுதான். மற்றதையெல்லாம் இடுப்பும் காலும் பார்த்துக்கொள்ளும். முப்பத்தொரு வருஷமாக ஒரே மலை, ஒரே ஜீப் வேலை. வண்டிதான் மூன்று மாறியிருக்கிறது. சக்கரம் எங்கே உதறும், எந்த இடத்தில் குளிர் வந்து முழங்கையில் மோதினால் சோலை தொடங்கிவிட்டது என்று அர்த்தம், எஞ்சின் சத்தம் திரும்பி வந்து காதில் விழுந்தால் இடது பக்கம் பாறைச்சுவர், திரும்பி வராவிட்டால் இடது பக்கம் ஒன்றுமே இல்லை, வெறும் பள்ளம். இதெல்லாம் எழுதிவைத்துப் படிக்கிற சங்கதி இல்லை. கண் தேவைப்படுகிற நாலு இடங்களில் முதலாவது கைப்பிடிச்சுவர் உடைந்த பாலம். இரண்டாவது மாடு படுத்துக் கிடக்கிற பள்ளிக்கூடத்துத் திருப்பம். மூன்றாவது எஸ்டேட் கேட். அங்கே லாரி நிற்கலாம், நிற்காமலும் இருக்கலாம். நாலாவது ஏழுகுளம் முனையில் வண்டி நிறுத்துகிற இடம். இந்த நாலிலும் அவர் இரண்டாவது கியருக்கு வந்து, கழுத்தை முன்னால் நீட்டி, மூச்சை அடக்கிக்கொண்டு போவார். நிதானமான டிரைவர் என்று பெயர் வந்தது அப்படித்தான். வயசானவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், பயந்த சுபாவம் உள்ளவர்கள் வந்தால் அடிவாரத்து லாட்ஜ்காரர்கள் இப்போதெல்லாம் ராசாங்கத்தைத்தான் தேடுகிறார்கள். அதை நினைக்கும்போது நெஞ்சுக்குள் ஒரு சின்னக் கல் புரண்டு படுக்கும். நினைக்காமல் இருந்தால் புரளாது. நினைக்காமல் இருக்கத்தான் அவர் இந்த இரண்டு வருஷமாகப் பழகியிருக்கிறார்.

பாலம் கடந்தாயிற்று. வெயில் எதிரே இருந்தது. மூன்றரை மணி வெயில், மேற்கே இறங்கத் தொடங்கிய வெயில், அதுதான் மோசம். கஞ்சித்தண்ணியைக் கண்ணாடியில் ஊற்றியதுபோல எல்லாம் ஒரே வெளுப்பாகிவிடும். அந்த வெளுப்புக்குள் ரோடு ஒரு கறுத்த தோல்வாராகத் தெரிகிறது. அது போதும். வார் வளைந்தால் வளைய வேண்டியதுதான். பக்கத்து இருக்கையில் பூங்கொடி என்கிற அந்த அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி இருந்தாள். கரூர்ப் பக்கம். நாற்பத்தைந்து இருக்கும். பின்னால் உட்கார்ந்தால் வாந்தி வருகிறது என்று முன்னால் வந்துவிட்டாள். பின்னால் அவள் புருஷன் லோகநாதன், கொசுவலை கம்பெனி வைத்திருக்கிறவர். காலையிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை; பேசினால் சண்டை. ஏனுங்ண்ணா, இன்னும் எத்தனை தூரம்ங்க, என்றாள். வந்துருச்சும்மா, இன்னும் ரெண்டே திருப்பம். அவளுக்கு எங்க போனாலும் எத்தனை தூரம்ங்கிறதுதான், என்று பின்னாலிருந்து குரல் வந்தது. நான் கடலைப் பாக்கோணும்னு கேட்டேன், நீங்கதான மலைன்னு கூட்டியாந்தீங்க. கடல்ல என்ன இருக்குது, தண்ணிதான இருக்குது. இங்க மட்டும் என்ன இருக்குதாம், கல்லுதான இருக்குது. ராசாங்கம் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். நல்ல சண்டை. சண்டை போடுகிறவர்கள் ரோட்டைப் பார்க்க மாட்டார்கள், டிரைவரையும் பார்க்க மாட்டார்கள். இவர்களைப் போன்றவர்கள் வந்தால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

பள்ளிக்கூடத்துத் திருப்பத்தில் மாடு இல்லை. இல்லை என்றுதான் நினைத்தார். ஹாரனை இரண்டு தடவை அமுக்கினார். மாடு இருந்திருந்தால் எழுந்திருக்கும், எழுந்திருந்தால் நிழல் அசைந்திருக்கும். அசையவில்லை. போகலாம். மூட்டம் என்பது இந்த மலையின் குணம். ஐப்பசியில் வந்தால் பங்குனி வரைக்கும் போகாது. வெயில் மேலே காயும், கீழே பள்ளம் முழுக்கப் பஞ்சு அடைத்ததுபோல வெள்ளையாகக் கிடக்கும். அதனால்தான் ஆரம்பத்தில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. இந்த வருஷம் மூட்டம் ஜாஸ்தி என்று டீக்கடையில் சொன்னார். ஆமாண்ணே என்றார்கள். அடுத்த வருஷமும் சொன்னார். எஸ்டேட்காரன் இத்தனை மரத்தை வெட்டுறான், மூட்டம் கொறையணும், இங்க என்னடான்னா கூடுது, என்று தத்துவம் வேறு பேசினார். அதற்கும் ஆமாண்ணே என்றார்கள். மலையில் இருக்கிறவனுக்கு மட்டும் வரக்கூடிய தப்பு இது. சமவெளியில் ஒருவனுக்குக் கண்ணில் வெள்ளை விழுந்தால் மறுநாளே தெரிந்துவிடும். இங்கே வெள்ளை வெளியிலும் இருக்கிறது, உள்ளேயும் இருக்கிறது. எது எங்கே முடிகிறது என்று யார் கோடு போட்டுக் காட்டுவது. வீட்டில் மனைவி சிட்டம்மாதான் முதலில் சொன்னாள். வீட்டுக்குள்ளயுமா மூட்டம், காப்பி டம்ளரை வச்ச எடத்துல தடவுறீகளே, என்றாள். அவளோடு நாலு நாள் பேசவில்லை.

நாலு நாளுக்குப் பிறகு அவர் யாரிடமும் சொல்லாமல் அடிவாரத்தில் போட்ட கண் முகாமுக்குப் போனதும், கொடியில் துணி காய்வதுபோல வரிசையில் நின்றதும், ஒரு சின்னப் பெண் டார்ச் அடித்துப் பார்த்து, ரெண்டு கண்ணுலயும் புரை முத்திருச்சு தாத்தா, ஆபரேஷன் பண்ணா நல்லாப் பாக்கலாம், என்றதும் நடந்தவைதான். தாத்தா. அதுகூடப் பரவாயில்லை. எத்தனை நாளா இப்படி இருக்கு, என்ன வேலை பாக்குறீங்க, என்று பேனாவை எடுத்தாள். அந்த இடத்தில்தான் அவர் எழுந்து வந்தார். விவசாயம் என்று சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. ஆபரேஷனுக்குப் பயம் இல்லை. மச்சினனுக்கு ஒரு கண்ணில் சீழ் வைத்துவிட்டது என்று ஒரு கதையைக் கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டு திரிந்தார், ஆனால் அது பயம் இல்லை, சாக்கு. பயம் வேறே. ஆபரேஷன் பண்ணிக்கொண்டு வந்தால், ஓ இத்தனை நாளும் கண் தெரியாமலா ஓட்டினான் என்று ஊர் எண்ண ஆரம்பிக்கும். சிவராத்திரிக்கு அந்தக் கைக்குழந்தைக்காரியை ஏற்றினானே, அப்போது. லீவுக்குப் பதினோரு பிள்ளைகளை ஏற்றினானே, அப்போது. எண்ணினால் முடியாது. அவரே எண்ணிப் பார்த்திருக்கிறார், நடுவில் நிறுத்திவிட்டார். அடுத்த மாதம் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். அதற்குள் எதையாவது யோசிக்கலாம். அதற்குள் என்பது ஒரு நல்ல சொல். சாய்வு நாற்காலி மாதிரி, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அதில் கிடக்கலாம்.

எஸ்டேட் கேட்டில் லாரி இல்லை. அப்புறம் அந்தச் செருப்பு நினைப்பு. அதை நினைக்கக் கூடாது என்று காலையிலேயே முடிவு பண்ணியிருந்தார், அதனால்தான் காலையிலிருந்து அது கூடவே வருகிறது. நாற்பது நாள் இருக்கும். சவாரியை இறக்கிவிட்டு ஆளில்லாமல் மேலே வந்துகொண்டிருந்தார், சாயந்தரம், ஏழாவது கொண்டை ஊசி வளைவு. இடது பக்க பம்பரில் மெத்தென்று ஒரு தட்டு. கல் என்றால் டங்கென்று கேட்கும். மாடு என்றால் வண்டி குலுங்கும். இது மூட்டையில் தட்டியதுபோல. நிறுத்தி இறங்கினார். யாரது, யாரது, என்று கூப்பிட்டார். காட்டுக்கோழி ஒன்று கத்தியது. குனிந்து ரோட்டைத் தடவியபோது கையில் ஒரு ரப்பர் செருப்பு அகப்பட்டது. ஒற்றைச் செருப்பு, பொம்பளைச் செருப்பு, குதிகால் தேய்ந்தது. இன்னும் சூடு இருந்ததா என்று அவரால் சொல்ல முடியவில்லை. ரோடே சூடாகத்தான் இருந்தது. ரோடு சூடாக இருந்தால் வெயில் இருந்திருக்க வேண்டும். வெயில் இருந்தால் மூட்டம் எப்படி? இல்லை, மூட்டம் இருந்தது, எதிரே ஒன்றுமே தெரியவில்லையே. மூட்டம் இருந்தால் யாருக்கும்தான் தெரியாது. யாருக்கும் தெரியாத இடத்தில் தட்டினால் அது தட்டினவன் குற்றம் இல்லை. ஆனால் ரோடு சூடாக இருந்தது. இந்த இடத்தில் வந்து அவர் யோசனை நின்றுவிடும், செக்கு மாடு மாதிரி மறுபடி முதலிலிருந்து சுற்றும். மெத்தென்று ஒரு தட்டு, யாரது, கோழி, செருப்பு, சூடு, மூட்டம். செருப்பை இரண்டு நாள் சீட்டுக்கு அடியில் வைத்திருந்தார். மூன்றாம் நாள் பள்ளத்தில் எறிந்தார். ஒரு வாரம் டீக்கடையில் காதை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், எந்த ஊரிலும் யாரும் செத்ததாகவோ காணாமல் போனதாகவோ பேச்சு வரவில்லை. அன்னைக்கு மூட்டமா வெயிலா என்று யாரையாவது கேட்டால் ஒரே வார்த்தையில் முடிந்துவிடும். அந்த ஒரே வார்த்தையைத்தான் அவர் நாற்பது நாளாகக் கேட்காமல் இருக்கிறார்.

ஏழுகுளம் முனை வந்துவிட்டது. நிறுத்துகிற இடத்தில் வேறு வண்டி இல்லை, சத்தம் இல்லை. சரளைக்கல் டயருக்கு அடியில் நொறுங்கியதும் பிரேக்கை மிதித்தார், கை பிரேக்கை இழுத்தார், உள்ளங்கை வேர்வையை வேட்டியில் துடைத்தார். இனி இங்கே அரைமணி நேரம், பிறகு பதினெட்டு வளைவு இறக்கம், ஆறு மணிக்குள் செக்போஸ்ட். இறக்கத்தில் வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும். பரவாயில்லை. இறங்குங்க சார், பாத்து, கல்லு வழுக்கும். அவர்கள் இருவரும் கம்பித்தடுப்பை நோக்கி நடந்தார்கள். அவர் வழக்கம்போல ஐந்தடி பின்னால் போய் நின்றுகொண்டார். அந்த ஐந்தடிதான் அவருடைய தொழில் ரகசியம். முனைக்கு வருகிறவர்கள் கீழே பார்த்ததும் ஒரு சத்தம் போடுவார்கள். ஆத்தாடி என்பார்கள், ஐயோ என்பார்கள், இங்க பாரேன் இங்க பாரேன் என்பார்கள், பட்டணத்துப் பிள்ளைகள் வாவ் என்பார்கள். அந்தச் சத்தம் வந்தால் பள்ளம் தெளிவாக இருக்கிறது என்று அர்த்தம். அவர் முன்னால் வந்து, கையை நீட்டி, இடமிருந்து வலமாகச் சொல்ல வேண்டியதுதான். முதல்ல தெரியுறது மந்தைக்குளம், அதுக்கடுத்து செங்குளம், தாமரைக்குளம், வேட்டுவன்குளம், புதுக்குளம், ஊமச்சிகுளம், கடைசியில மலையோரமா வளைஞ்சு கெடக்குறது பாம்பாட்டிக்குளம். கை தானாகப் போகும். சத்தம் வராமல், ச்சே, ஒண்ணும் தெரியலையே என்று முனகல் வந்தால், மூட்டம் சார், இருங்க, வெலகும், என்பார். இரண்டு வருஷமாக இந்த இரண்டில் ஒன்று பிசகியதில்லை. மனுஷன் மலையுச்சியில் நின்றால் வாயை மூடிக்கொண்டு இருக்க மாட்டான் என்பதை நம்பித்தான் அவர் பிழைப்பு ஓடியது.

இவர்கள் சத்தமே போடவில்லை. அவர் காத்திருந்தார். காற்று இரைந்தது. லோகநாதனின் செருப்பு ஒரு தடவை கல்லில் உரசியது. பூங்கொடியின் சேலை முந்தானை படபடத்தது. பிடரியில் வெயில் சுள்ளென்று விழுந்துகொண்டிருந்தது, ஆனால் அது ஒன்றுக்கும் சாட்சி இல்லை. மேலே வெயிலும் கீழே மூட்டமும் சேர்ந்தே இருக்கும். எதிரே பார்த்தார். வெள்ளை. ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள் கலந்த வெள்ளை. அவர்கள் ஏன் பேசாமல் நிற்கிறார்கள்? ஏமாற்றம்தான். கடல் கேட்டவளை மலைக்குக் கூட்டி வந்து, மலையும் தெரியாமல் போனால் அந்த மனுஷன் என்ன பேசுவார், பாவம். ராசாங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு சமாதானமாகச் சொன்னார்:

"மூட்டம் சார். கொஞ்ச நேரம் இருங்க, வெலகிரும். வெலகுச்சுன்னா ஏழு குளமும் கண்ணாடி மாதிரித் தெரியும்."

பூங்கொடி திரும்பினாள் என்பது முந்தானைச் சத்தம் இடம் மாறியதில் தெரிந்தது.

"எங்கீங்ண்ணா மூட்டம்?"

அவர் சிரிக்க முயன்றார். "அந்தா... கீழ."

"கீழ ஏழு குளமும் தெரியுதுங்ளே. அதைத்தான எண்ணிட்டு இருந்தேன். ஒரு குளத்துல கொக்கு உக்காந்திருக்கறதுகூடத் தெரியுதுங்க."

கொக்கு. இந்த உயரத்திலிருந்து கொக்கு தெரியுமா? தெரியும். அவரும் பார்த்திருக்கிறார், வெள்ளைப் பொடி எழுத்துகள் மாதிரி. கடைசியாக எப்போது பார்த்தார் என்று யோசித்தார். ஆக மூட்டம் இல்லை. மூட்டம் இல்லாத பள்ளத்தைப் பார்த்து மூட்டம் என்று சொல்லியிருக்கிறார், கையை வேறு நீட்டியிருக்கிறார், அந்தக் கை இன்னும் நீட்டியபடியே நிற்கிறது, அதை எப்படி மடக்குவது என்று தெரியவில்லை. தெக்குப் பக்கம் சொன்னேன்மா என்று சொல்லலாம். தூசி விழுந்துருச்சும்மா என்று கண்ணைக் கசக்கலாம். இரண்டும் நாக்கு நுனியில் வந்து நின்றன. நாற்பது நாளைக்கு முந்தின சாயந்தரமும் வந்து நின்றது, ரோட்டுச் சூடு உள்ளங்கையில் மறுபடி ஏறியது. அன்றைக்கும் மூட்டம் இல்லை. யாரையும் கேட்க வேண்டியதில்லை. இப்போது இருக்கிற வெள்ளைதான் அப்போதும் இருந்தது. இந்த மூட்டம் கரூர்க்காரியின் ஒரு கேள்வியில் போய்விட்டதென்றால் அந்த மூட்டமும் போயிற்று. இரண்டு வருஷத்து மூட்டமும் ஒரே நொடியில் விலகிவிட்டது, விலகின இடத்தில் பார்க்கத்தான் ஒன்றும் இல்லை. கால் சோர்ந்தது. சோர்வு புதிதில்லை, நாலு இடத்திலும் மூச்சை அடக்கி அடக்கி உடம்பு முழுக்க எப்போதும் கட்டைபோல இருக்கிறதே, அந்தச் சோர்வுதான். இப்போதுதான் அதற்கு உட்கார அனுமதி கிடைத்தது. கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

பூங்கொடி கிட்ட வந்து குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள். "என்ற விரலு எத்தனைங்கண்ணா?" என்று கேட்டாள். குழந்தையிடம் கேட்பதுபோல இல்லை. காய்க்கடையில் எடை சரியா என்று கேட்பதுபோல இருந்தது.

"வேணாம்மா," என்றார்.

லோகநாதனுக்கு அப்போதுதான் விளங்கியது. "அடப்பாவி மனுஷா! கண்ணுத் தெரியாமயா எங்களை இத்தன தூரம் ஏத்திட்டு வந்தே? கீழ விழுந்திருந்தா? என்ற பையனுக்கு யாரு இருக்கறா?" குரல் பாறையில் மோதித் திரும்பி வந்து இன்னொரு தடவை கேட்டது.

"சத்தம் போடாதீங்க, விழலீல்ல," என்றாள் பூங்கொடி.

"விழுந்தாத்தான் பேசோணுமா? நீ இதுக்கும் வக்காலத்தா?"

"வக்காலத்து இல்லீங்க. எறங்கறது எப்படின்னு பாருங்க. உங்களுக்கு இந்த வண்டி ஓட்டத் தெரியுமா?"

லோகநாதனின் செருப்பு மறுபடி கல்லில் உரசியது. ராசாங்கத்துக்கு ஒரு நிமிஷம் பழைய புத்தி எட்டிப் பார்த்தது. இறங்கிவிடலாம். வெயில் முதுகுக்குப் பின்னால். பதினெட்டு வளைவும் மனப்பாடம். இந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வண்டி வருது, ஆள் வருது என்று சொன்னால் போதும். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு ஆளுக்குக் கீறல் இல்லை என்று ஆரம்பித்தவர், கீறல் இல்லை என்பது உனக்கு எப்படித் தெரியும் என்ற இடத்தில் நின்றார். செருப்புக்காரி எங்கேயோ இருக்கிறாள், அல்லது இல்லை. வேட்டி மடிப்பிலிருந்து போனை எடுத்தார். முனையில் அந்தக் கல்லில் உட்கார்ந்தால்தான் சிக்னல் வரும். காசிமாயனின் நம்பர் நாலாம் எண்ணை அமுக்கிப் பிடித்தால் போகும். மகன் அப்படிச் செய்து கொடுத்திருந்தான். காசிமாயன் எஸ்டேட் கேட்டுப் பக்கத்து டீக்கடையில் இந்நேரம் இருப்பான், அவரிடம் ஸ்டியரிங் பிடிக்கப் பழகியவன், இன்றைக்கு அவனுக்கே நாற்பது வயசு.

"என்னண்ணே, வண்டி நின்னுபோச்சா?"

"வண்டி நல்லாத்தான்டா இருக்கு. எனக்குக் கண்ணு தெரியல, காசி."

அதைச் சொல்லிமுடித்த பிறகு வானம் இடிந்து விழவில்லை. போனில் டீ ஆற்றுகிற சத்தம் கேட்டது.

"சரிண்ணே. அங்கனயே இருங்க. குறுக்குப் பாதையில இந்தா வந்துர்றேன்."

போன் வைத்த பிறகுதான் அது உறுத்தியது. அவன் என்னது என்று கேட்கவில்லை. எப்போதிருந்து என்று கேட்கவில்லை. விளையாடாதீங்கண்ணே என்று சொல்லவில்லை. பஞ்சர் என்று சொன்னால்கூட ஒருத்தன் ஐயய்யோ என்பான். இருபது நிமிஷம் அவர் அதையே நினைத்துக்கொண்டிருந்தார். லோகநாதன் நடந்தார், நின்றார், யாருக்கோ போன் செய்து சிக்னல் கிடைக்காமல் திட்டினார், பிறகு அலுத்துப்போய் ஜீப்பின் நிழலில் உட்கார்ந்தார். காசிமாயன் மூச்சு இரைக்க வந்து சேர்ந்தான். டீயும் பீடியும் வேர்வையும் கலந்த வாசனை.

"நீ ஏன்டா அதிர்ச்சியாகல?" என்றார் ராசாங்கம், வா என்றுகூடச் சொல்லாமல்.

அவன் சாவியை வாங்கிக் கையில் உருட்டினான். "வண்டில ஏறுங்கண்ணே, பேசிக்கலாம்."

"இங்கயே பேசு."

"எல்லாருக்கும் தெரியும்ணே. போன தையிலருந்தே தெரியும்." பூங்கொடி இருந்த பக்கத்திலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு மெதுவாகச் சொன்னான். "மலை வழக்கம் என்ன, ஏறுற வண்டிக்கு எறங்குற வண்டி வழி விடணும். உங்களுக்கு மட்டும் ஏறுனாலும் எறங்குனாலும் நாங்க ஒதுங்கிருவோம். உங்க ஹாரன் கேட்டாப் போதும், ஜீப்பு, லாரி, பஸ்ஸு, எல்லாரும் ஓரங்கட்டிருவோம். ஸ்டாண்டுல வச்சுப் பேசி முடிவு பண்ணதுதான்."

"என்கிட்ட ஏன்டா ஒருத்தனும் சொல்லல?"

"உங்ககிட்ட எப்படிண்ணே சொல்றது? பாதிப் பேருக்கு நீங்கதான கியர் போடப் பழக்குனது. மரியாதை இல்லையா?"

ராசாங்கம் கேட்டார், நாற்பது நாளாகக் கேட்காததை, வேறு யாருக்கோ நடந்ததுபோல. "ஏழாவது வளைவுல, ஒரு சாயங்காலம்..."

"எங்க அத்தைண்ணே அது. மொச்சைச் சாக்கைத் தூக்கிக்கிட்டு வந்திருக்கு. சாக்குலதான் வண்டி பட்டது. உன்னி முள்ளுப் புதருக்குள்ள போயி விழுந்துருச்சு. முழங்கைத் தோல் பேந்துருச்சு, வேற ஒண்ணும் இல்ல."

"கூப்பிட்டேனேடா. யாரது யாரதுன்னு கூப்பிட்டேனே."

"கேட்டுச்சாம். மூச்சுக் காட்டாம படுத்துக் கெடந்திருக்கு."

"ஏன்?"

"சத்தம் குடுத்தா நீங்க சங்கடப்படுவீகன்னு."

அவருக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது, சுடச்சுட. ஒரு கிழவி முள்ளுக்குள் ரத்தத்தோடு வாயைப் பொத்திக்கொண்டு கிடக்கிறாள், இவர் மனசு நோகக் கூடாதென்று. இவர் ரோட்டில் அவள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு மூட்டத்தைத் திட்டிக்கொண்டு நிற்கிறார். இதற்குப் பெயர் மரியாதையா? ஆமாண்ணே, ஆமாண்ணே என்று டீக்கடையில் தலையாட்டினார்களே, அவ்வளவு பேரும் அப்போது ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தன் காலும் இடுப்பும் பார்த்துக்கொள்கின்றன என்று ஒரு வருஷமாக நினைத்ததெல்லாம் எதிரே வருகிறவன் ஒதுங்கியதுதான். இவர்கள் சொல்லியிருந்தால்? சொல்லியிருந்தால் அவர் சட்டையைப் பிடித்திருப்பார். சிட்டம்மாவிடமே நாலு நாள் பேசவில்லை. கோபம் போன வேகத்தில் திரும்பி அவர் மேலேயே வந்து உட்கார்ந்தது.

பூங்கொடி அதுவரைக்கும் கேட்டுக்கொண்டே நின்றிருந்தாள். "நல்லா இருக்குதுங்க உங்கூரு மரியாதை," என்றாள். "உங்களுக்குள்ள நீங்க ஒதுங்கிட்டீங்க. காசு குடுத்து ஏறி உக்காந்த எங்ககிட்ட யாருங்க சொல்லுவாங்க?"

காசிமாயன் கையில் சாவி உருளுகிற சத்தம் நின்றது. ராசாங்கம் எழுந்தார். அவள் கேட்டதில் ஒரு வார்த்தைகூடப் பிசகு இல்லை. "போலாம்," என்றார். சொந்த ஜீப்பில் பின் சீட்டில் ஏறுவது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. படி எவ்வளவு உயரம் என்பது தெரியாமல் முழங்கால் இடித்துக்கொண்டது. லோகநாதன் நகர்ந்து இடம் விட்டார்.

பின்னால் உட்கார்ந்தால் ரோடு வேறு ரோடாக இருந்தது. ஸ்டியரிங் கையில் இல்லாதபோது உடம்புக்கு ஒரு சங்கதியும் தெரியவில்லை. எந்த வளைவு, எவ்வளவு மீதி, பாறை எந்தப் பக்கம் என்று எண்ணத் தொடங்கி விட்டுவிட்டார். பெட்டிக்குள் போட்ட தேங்காய் மாதிரி உருண்டார். இத்தனை வருஷமும் பின்னால் உட்கார்ந்தவர்கள் இப்படித்தான் உருண்டார்களா, இவ்வளவு பயத்தோடா? கம்பியைப் பிடித்தார். நாளைக்கு அந்த முகாமுக்கு மறுபடி போனால் அந்தச் சின்னப் பெண் பேனாவை எடுப்பாள். எத்தனை நாளா? ரெண்டு வருஷம். என்ன வேலை? டிரைவர். அவள் நிமிர்ந்து பார்ப்பாள். பார்க்கட்டும். அந்தப் பார்வை இவருக்குத் தெரியாது, அது ஒரு சௌகரியம். அத்தை வீட்டுக்கும் போக வேண்டும். செருப்பு வாங்கிக்கொண்டா? என்ன அளவு? போய் என்ன சொல்வது? சிட்டம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாம், அவள் பேசுவாள். காசிமாயன் வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தான். வெளியே இருந்து கேட்கும்போதுதான் தெரிந்தது, கமறின தொண்டை மாதிரி ஒரு ஹாரன், யாரும் மறக்க முடியாத ஹாரன்.

ஒரு வளைவில் ஜீப் நின்றது. எதிரே பெரிய எஞ்சின் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. சாயந்தர பஸ், மேலே ஏறுகிற பஸ். ஹாரன் சத்தத்துக்கு அது ஏற்கெனவே பாறையோரமாக ஒதுங்கி நின்றுவிட்டிருந்தது. ஏற்றத்தில் நிறுத்தின பஸ் எப்படிப் பெருமூச்சு விடும் என்று அவருக்குத் தெரியும், மறுபடி கிளப்ப எவ்வளவு பாடு என்றும் தெரியும். "என்ன காசி, அண்ணன் வண்டில நீ?" என்று பஸ் டிரைவரின் குரல் மேலேயிருந்து வந்தது.

"சும்மாதான்ணே. அண்ணனுக்கு இடுப்பு வலி," என்றான் காசிமாயன். முதல் கியரைப் போட்டான், பஸ்ஸைத் தாண்டிப் போவதற்கு.

"நிறுத்துடா," என்றார் ராசாங்கம். பக்கவாட்டில் தலையை வெளியே நீட்டினார். பஸ் இருக்கிற பக்கம் என்று நினைத்த பக்கம் பார்த்து, மலைக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்: "இடுப்பு வலியெல்லாம் இல்லப்பா. எனக்குக் கண்ணு தெரியல. இனிமே நீ எனக்கு ஒதுங்காத."

பஸ்ஸில் யாரோ ஜன்னலைத் தூக்கினார்கள். காசிமாயன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அசையாமல் இருந்தான்.

"பின்னால எடு, காசி. ஏறுறவனுக்குத்தான் வழி."

"அண்ணே, பின்னால வளைவு. ஒருத்தர் எறங்கி நின்னு சொல்லணும்."

பழக்கத்தில் ராசாங்கம் காலைக் கீழே வைக்கப் போனார். அதற்குள் முன் கதவு திறந்தது. பூங்கொடி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் போய் நின்றாள். வாங்க, வாங்க, கொஞ்சம் சோத்தாங்கைப் பக்கம், வாங்க, போதும், என்றாள். ஜீப் மண்ணோரமாக நின்றது. பஸ் ஒருமுறை இருமி, உறுமி, ஏறத் தொடங்கியது. அதன் தகரச் சூடும் டீசல் புகையும் ஒரு சாண் தூரத்தில் அவர் முகத்தைத் தடவிக்கொண்டு நீளமாகப் போயின. அதன் பின்னால் ஒரு பைக் போயிற்று.

"வேற ஏதாச்சும் வருதாம்மா?" என்று கேட்டார்.

அவள் ரோட்டின் நடுவுக்குப் போய் எட்டிப் பார்க்கிற நேரம் வரைக்கும் அவர் காத்திருந்தார்.

"ஒண்ணும் வர்லீங்ண்ணா."

"அப்பச் சரி," என்றார் ராசாங்கம். "போ."